ஆடு புலி ஆட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆடு புலி ஆட்டம் எத்தகைய ஆட்டம்?

இருவர் எதிரெதிரே அமர்ந்து ஆடும் ஆட்டம் இது. ஒருவருக்கு 3 புலிகள், மற்றவருக்கு 15 ஆடுகள். புலி ஆடுபவர் ஆடுகளை வெட்ட வேண்டும். ஆடு ஆடுபவர் மூன்று புலிகளையும் நகர வழியில்லாமல் அடைக்க வேண்டும். தாயக்கட்டையை உருட்டுவதும் சோழியைக் குலுக்குவதும் இதில் இல்லாததால், தோற்றவர் அதிர்ஷ்டத்தைக் குறை சொல்ல முடியாது. இரு தரப்பின் காய்களும் எண்ணிக்கையிலும் ஆற்றலிலும் நோக்கத்திலும் வேறுபடுகின்றன என்பதே சதுரங்கத்திலிருந்து இதைப் பிரித்துக் காட்டுகிறது.

கட்டத்தை எப்படி வரைவது?

முதலில் ஒரு பெரிய முக்கோணத்தை வரைந்து, அதன் உச்சியிலிருந்து அடிக்கோட்டுக்கு, இரு பக்கக் கோடுகளுக்கு நடுவே மேலும் இரண்டு கோடுகளை இறக்க வேண்டும். இப்போது உச்சியிலிருந்து நான்கு சாய்கோடுகள் கிளம்பி அடிக்கோட்டை நான்கு இடங்களில் தொடும். பிறகு உச்சிக்கும் அடிக்கோட்டுக்கும் இடையில் மூன்று கிடைக்கோடுகளை, முக்கோணத்தின் இரு புறமும் சிறிது வெளியே நீளும்படி வரைய வேண்டும். அவற்றின் இடது நுனிகள் மூன்றையும் ஒரு நிமிர்ந்த கோட்டாலும், வலது நுனிகள் மூன்றையும் இன்னொரு நிமிர்ந்த கோட்டாலும் இணைத்துவிட்டால் கட்டம் முடிந்தது.

வரைந்த பின் முனைகளை எண்ணிப் பார்ப்பது நல்லது. உச்சி ஒன்று, கிடைக்கோடு ஒவ்வொன்றிலும் ஆறு வீதம் பதினெட்டு, அடிக்கோட்டில் நான்கு என மொத்தம் 23 முனைகள் இருக்க வேண்டும். குறைந்தால் பெரும்பாலும் மூன்றாம் கிடைக்கோட்டையும் அடிக்கோட்டையும் ஒன்றாக்கியதுதான் காரணமாக இருக்கும். அடிக்கோடு செவ்வகத்துக்குக் கீழே தனியாக நிற்க வேண்டும்.

இந்தப் பக்கத்தில் முனைகளுக்கு ஏன் எண் கொடுக்கப்பட்டுள்ளது?

"இந்த மூலை", "அந்தச் சந்திப்பு" என்று எழுதினால் படிப்பவருக்குக் குழப்பமே மிஞ்சும். ஆகவே உச்சியை உச்சி என்றே சொல்லி, மற்ற முனைகளுக்கு இடமிருந்து வலமாக எண் கொடுத்துக்கொள்வோம். முதல் கிடைக்கோட்டில் 1 முதல் 6 வரை, இரண்டாவதில் 7 முதல் 12 வரை, மூன்றாவதில் 13 முதல் 18 வரை, அடிக்கோட்டில் 19 முதல் 22 வரை. இதன்படி 1, 7, 13 ஆகியவை இடது ஓரம். 6, 12, 18 ஆகியவை வலது ஓரம். இடப்பக்கச் சாய்கோடு உச்சி, 2, 8, 14, 19 என இறங்கும். அடுத்தது உச்சி, 3, 9, 15, 20. அதற்கடுத்தது உச்சி, 4, 10, 16, 21. கடைசி உச்சி, 5, 11, 17, 22. ஒரு தாளில் வரைந்து எண்களைக் குறித்து அருகில் வைத்துக்கொண்டு படித்தால், கீழே வரும் விளக்கங்கள் எளிதாகப் பிடிபடும்.

காய்களுக்கு எதைப் பயன்படுத்தலாம்?

வேறுபடுத்தி அறியக்கூடிய எதுவும் போதும். ஆடுகளுக்குச் சிறு கூழாங்கற்களும் புலிகளுக்குப் பெரிய கற்களும் வைப்பது வழக்கம். புளியங்கொட்டை, ஓட்டுச்சில்லு ஆகியவையும் பயன்படும். நிறத்தைவிட அளவில் வேறுபாடு இருப்பது மேல், ஏனெனில் ஆட்டம் சூடுபிடிக்கும்போது புலி எங்கே நிற்கிறது என்பது ஒரே பார்வையில் தெரிய வேண்டும்.

ஆட்டத்தை எப்படித் தொடங்குவது?

பரவலான முறைப்படி, ஒரு புலியை உச்சியிலும் மற்ற இரண்டை அதற்குக் கீழே 3, 4 ஆகிய முனைகளிலும் வைத்துவிட்டுத் தொடங்குகிறார்கள். ஆடுகள் அனைத்தும் கட்டத்துக்கு வெளியே இருக்கும். ஆடு ஆடுபவர் முதலில் ஓர் ஆட்டை ஏதேனும் ஒரு காலி முனையில் வைப்பார். பிறகு புலி ஆடுபவர் ஒரு புலியை நகர்த்துவார். மீண்டும் ஓர் ஆடு, மீண்டும் ஒரு புலி என ஆட்டம் மாறி மாறி நடக்கும். வேறு இடங்களில் புலிகளையும் ஒவ்வொன்றாக, விரும்பிய முனையில் வைக்கும் வழக்கம் உண்டு. எந்த முறையானாலும் உட்காரும்போதே பேசி முடிவு செய்துவிட வேண்டும்.

ஆடுகள் எப்போது நகரலாம்?

பதினைந்து ஆடுகளும் கட்டத்துக்குள் வந்த பிறகுதான். அதுவரை, ஏற்கெனவே வைத்த ஆடு எவ்வளவு ஆபத்தில் இருந்தாலும் அதை நகர்த்த முடியாது. புதிதாக ஓர் ஆட்டை வைத்துத்தான் அதைக் காப்பாற்ற வேண்டும். எல்லாம் இறங்கிய பிறகு, ஓர் ஆடு கோட்டின் வழியே அடுத்துள்ள காலி முனைக்கு எத்திசையிலும் ஒரு படி நகரலாம். பின்னோக்கி நகரவும் தடையில்லை. ஆடு எதையும் தாண்டாது, வெட்டாது.

புலி எப்படி வெட்டும்?

புலியும் சாதாரணமாக ஒரு படிதான் நகரும். ஆனால் அதற்கு அடுத்த முனையில் ஆடு நின்று, அதே நேர்கோட்டில் அந்த ஆட்டுக்கு அப்பால் உள்ள முனை காலியாக இருந்தால், புலி ஆட்டைத் தாண்டிக் காலி முனையில் இறங்கலாம். தாண்டப்பட்ட ஆடு கட்டத்தைவிட்டு வெளியேறும். எடுத்துக்காட்டாக, 3இல் புலி நிற்க, ஆடு ஆடுபவர் தெரியாமல் முதல் ஆட்டை 9இல் வைத்தால், புலி 15இல் இறங்கி அதை வெட்டிவிடும்.

ஒரு முறைக்கு ஓர் ஆட்டை மட்டுமே வெட்டலாம். அடுத்தடுத்து நிற்கும் இரண்டு ஆடுகளைச் சேர்த்துத் தாண்ட முடியாது. இன்னொரு புலியைத் தாண்டவும் முடியாது. வெட்டும் வாய்ப்பு இருந்தும் வெட்டாமல் வேறு புலியை நகர்த்த விரும்பினால் அதற்கு உரிமை உண்டு.

உச்சியில் நிற்கும் ஆட்டை வெட்ட முடியுமா?

முடியாது. பெரும்பாலான சச்சரவுகள் இங்கேதான் எழுகின்றன. 2இல் நிற்கும் புலி, உச்சியில் உள்ள ஆட்டைத் தாண்டி 5இல் இறங்க முடியாது, ஏனெனில் அந்த இரண்டு சாய்கோடுகளும் உச்சியில் முடிந்துவிடுகின்றன. ஒன்று மற்றொன்றின் தொடர்ச்சி அன்று. அதேபோல் 2இலிருந்து 1ஐத் தாண்டி 7இல் இறங்குவதும் தவறு, அங்கே கோடு மூலையில் திரும்புகிறது. நேராகச் செல்லும் கோட்டில் மட்டுமே தாண்டல் உண்டு.

யார் எப்போது வெல்கிறார்?

மூன்று புலிகளில் ஒன்றுகூட நகரவோ வெட்டவோ முடியாத நிலை வந்தால் ஆடு ஆடுபவர் வென்றார். ஒரு புலி மட்டும் அடைபட்டால் அது அப்படியே நிற்கும், மற்றவை ஆடலாம். புலி ஆடுபவர் எத்தனை ஆடுகளை வெட்டினால் வெற்றி என்பதற்கு ஒரே வழக்கு இல்லை. எல்லா ஆடுகளையும் வெட்ட வேண்டும் என்று வைத்தால், முடிவு தெரிந்துபோன ஆட்டம் வீணாக இழுபடும். ஐந்து என்றோ ஆறு என்றோ முன்கூட்டியே எல்லை வைத்துக்கொள்வதுதான் நல்லது. என்னைக் கேட்டால் ஆறு என்பேன்: ஐந்து ஆடுகளை இழந்து பத்தே மிஞ்சிய நிலையிலும் மூன்று புலிகளை அடைக்க முடியும். உச்சி, 3, 4 ஆகிய தொடக்க இடங்களிலேயே புலிகள் ஒட்டிக்கொண்டு நின்றால், 1, 2, 5, 6, 8, 9, 10, 11, 15, 16 ஆகிய பத்து முனைகளில் ஆடுகள் நின்றாலே மூன்றுக்கும் வழி அடைபட்டுவிடும்.

இருவரும் மாறி மாறி ஒரே நகர்வுகளைத் திரும்பத் திரும்ப ஆடிக்கொண்டிருந்தால் சமன் என்று முடித்துக்கொள்ளலாம்.

ஓர் ஆடு பாதுகாப்பாக இருக்கிறதா என்பதை எப்படிக் கண்டறிவது?

ஆடு ஆடுபவர் கற்க வேண்டியது பெரும்பாலும் இந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடுகிறது, ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன். புதிதாக ஆடுபவர் புலி எங்கே நிற்கிறது என்பதையே பார்க்கிறார். பார்க்க வேண்டியது ஆட்டின் மறுபக்கத்தை. வெட்டுவதற்கு ஒரு பக்கம் புலியும் எதிர்ப்பக்கம் காலி முனையும் தேவை. ஆகவே ஆட்டின் வழியாகச் செல்லும் ஒரு கோட்டில், அதன் இரு பக்கத்து முனைகளில் ஏதேனும் ஒன்றில் இன்னோர் ஆடு நின்றாலே போதும். அந்தக் கோட்டில் எந்தத் திசையிலிருந்தும் அதை வெட்ட முடியாது. துணை ஆடு நிற்கும் பக்கத்தில் புலி வர இடமில்லை. மறுபக்கத்திலிருந்து புலி வந்தால் இறங்க இடமில்லை.

இதை ஒவ்வொரு முனைக்கும் பொருத்திப் பார்த்தால் கட்டத்தின் இயல்பு விளங்கும். உச்சி, 1, 6, 13, 18, 19, 22 ஆகிய ஏழு முனைகள் எந்தக் கோட்டுக்கும் நடுவில் இல்லாதவை. அங்கே நிற்கும் ஆட்டை எக்காலத்திலும் வெட்ட முடியாது. 7, 12, 20, 21 ஆகியவை ஒரே ஒரு கோட்டின் நடுவில் உள்ளவை. அவற்றுக்கு ஒரு துணை போதும். மீதமுள்ள பன்னிரண்டும் இரண்டு கோடுகள் நேராக வெட்டிக்கொள்ளும் முனைகள். அங்கே வைக்கும் ஆட்டுக்குக் கோட்டுக்கு ஒன்றாக இரண்டு துணைகள் வேண்டும்.

அப்படியானால் ஆடுகளை எந்த வரிசையில் வைப்பது?

மூலையிலிருந்து தொடங்கி உள்நோக்கிப் பரவுவதே பாதுகாப்பான வழி. முதலில் 19, அடுத்து 13. இவை இரண்டும் எவராலும் தொட முடியாதவை. இப்போது 14இல் ஓர் ஆட்டை வைத்தால், சாய்கோட்டில் 19உம் கிடைக்கோட்டில் 13உம் அதற்குத் துணை. 7க்கு 13 துணை. 20க்கு 19 துணை. அதன்பின் 15க்கு 14உம் 20உம், 8க்கு 7உம் 14உம் துணையாகும். இப்படியே போனால், புலி எங்கே நின்றாலும் ஒவ்வோர் ஆடும் வைக்கும்போதே பாதுகாப்பாக அமைகிறது.

புலி ஆடுபவர் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டார். அவர் ஒரு புலியைக் கொண்டுவந்து 14இலேயே நிறுத்திவிடலாம். அப்போது அதோடு மல்லுக்கட்டாமல் மறுமூலையில் 22, 18, 17 என்று தொடங்கிவிட வேண்டும். மூன்று புலிகளால் நான்கு மூலைப்பகுதிகளையும் ஒரே நேரத்தில் காவல் காக்க முடியாது.

ஓர் ஆட்டுக்கு ஆபத்து வந்துவிட்டால் என்ன செய்வது?

ஆடுகளை வைத்துக்கொண்டிருக்கும் கட்டத்தில், புலி இறங்கவிருக்கும் காலி முனையில் புதிய ஆட்டை வைப்பதே தற்காப்பு. இரண்டு ஆபத்துகள் ஒரே முனையைக் குறிவைத்தால் ஓர் ஆடே இரண்டையும் தடுக்கும். 14இல் உள்ள புலி 15ஐயும், 4இல் உள்ள புலி 10ஐயும் மிரட்டுகின்றன என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் இறங்க வேண்டிய இடம் 16தான். அங்கே ஓர் ஆடு, இரண்டு உயிரும் பிழைத்தன. இறங்கும் முனைகள் வெவ்வேறாக இருந்தால் ஒன்றை விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். அப்போது, வெட்டிய பின் புலி எங்கே போய் நிற்கும், அந்த இடத்தில் அதை அடைக்க வழியுண்டா என்பதைப் பார்த்து எதை விடுவது என்று முடிவு செய்யலாம்.

எல்லா ஆடுகளும் இறங்கிய பிறகு ஆட்டம் ஏன் திடீரென்று கடினமாகிறது?

ஏனெனில் இப்போது ஒவ்வொரு முறையும் ஓர் ஆட்டை நகர்த்தியே ஆக வேண்டும், நகர்ந்த ஆடு தன் பின்னால் ஒரு காலி முனையை விட்டுச்செல்கிறது. அழகாகக் கட்டிய அரண் நகர்த்த வேண்டிய கட்டாயத்தாலேயே உடைவதுண்டு. எனவே பதினைந்து ஆடுகளையும் இறக்கும்போதே, புலி நுழைய முடியாத பின்பகுதியில் ஒரு முனையைக் காலியாக விட்டுவைப்பது புத்திசாலித்தனம்.

ஒரு நிலையைக் கட்டத்தில் அமைத்துப் பாருங்கள். ஆடுகள் 1, 6, 7, 8, 11, 12 ஆகிய முனைகளிலும், 14 முதல் 22 வரையுள்ள எல்லா முனைகளிலும் நிற்கின்றன. ஆக மொத்தம் பதினைந்து. 13 மட்டும் பின்னால் காலி. புலிகளுக்கு உச்சி, 2, 3, 4, 5, 9, 10 ஆகிய ஏழு முனைகளே மிஞ்சியுள்ளன. இந்த நிலையில் ஓர் ஆட்டையும் வெட்ட முடியாது. இனி ஆடு ஆடுபவர் 14இல் உள்ளதை 13க்குப் பின்வாங்கலாம். அப்போது 2இல் புலி இருந்தால் மட்டுமே 8க்கு ஆபத்து. புலி 2க்கு வந்ததும் ஆட்டை மறுபடி 14க்குக் கொண்டுவந்தால் வழி அடைபடும். 2இல் முன்பே புலி இருந்தால் 14ஐ விட்டுவிட்டு 7இல் உள்ளதை 13க்கு நகர்த்தலாம். அப்போது 9இல் புலி இருக்கிறதா என்பதை மட்டும் பார்த்தால் போதும். 2, 9 இரண்டிலும் புலிகள் நின்றால் வலப்பக்கம் போக வேண்டும்: 5 காலியாக இருந்து 4இல் புலி இல்லையென்றால் 6இல் உள்ள ஆடு 5க்குப் போய்த் திரும்பலாம்.

அரணுக்குள் இருந்துகொண்டே வெல்ல முடியுமா?

முடியாது, தோற்காமல் இருக்கலாம் அவ்வளவுதான். வெல்ல வேண்டுமானால் புலிகளின் இடத்தைச் சுருக்க வேண்டும், அதற்கு ஆடுகள் இணையாக முன்னேற வேண்டும். மேற்கண்ட நிலையிலேயே, 9 காலியாகவும் 3இல் புலி இல்லாமலும் இருக்கும் நேரம் பார்த்து, 15இல் உள்ள ஆட்டை 9க்கு ஏற்றலாம். கிடைக்கோட்டில் 8 அதற்குத் துணை. சாய்கோட்டில் மட்டும் 15 காலியாக இருப்பதால், புலி 3க்கு ஓடிவந்து மிரட்டும். உடனே 20இல் உள்ள ஆட்டை 15க்கு ஏற்றிவிட்டால் அந்த வழியும் மூடப்படும். புலிகளின் ஏழு முனைகள் ஆறாகிவிட்டன. ஒன்றை ஏற்றி, அதன் பின்னால் இன்னொன்றை நிரப்பும் இந்த இரண்டு நகர்வுகளுக்கு இடையே புலிக்கு ஒரே ஒரு நகர்வுதான் கிடைக்கிறது என்பதை எப்போதும் கணக்கில் கொள்ள வேண்டும்.

புலி ஆடுபவர் கவனிக்க வேண்டியவை எவை?

முதலாவது, மூலையில் போய் உட்காரக் கூடாது. 13இல் உள்ள புலிக்கு வெளியேற 7, 14 ஆகிய இரண்டு வழிகளே உண்டு. 1, 7, 14, 15 ஆகியவற்றில் ஆடுகள் நின்றால் கதை முடிந்தது. அதாவது நான்கு ஆடுகளால் ஒரு புலியை அடைத்துவிடலாம். அதே புலி 9இல் நின்றால், சுற்றியுள்ள நான்கு முனைகளையும், அவற்றுக்கு அப்பால் தாண்டி இறங்கக்கூடிய நான்கு முனைகளையும் நிரப்ப எட்டு ஆடுகள் தேவைப்படும். உச்சிக்கும் எட்டுதான், ஆனால் உச்சியில் உள்ள புலியால் முதல் கிடைக்கோட்டு ஆடுகளை மட்டுமே மிரட்ட முடியும் என்பதால், தொடக்கத்திலேயே அதை அங்கிருந்து இறக்கிவிடுவது நல்லது.

இரண்டாவது, புலிகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கக் கூடாது. புலியைப் புலி தாண்ட முடியாது என்பதால், பக்கத்தில் நிற்கும் புலி எதிரிக்கு ஓர் ஆட்டின் வேலையைச் செய்துகொடுக்கிறது.

மூன்றாவது, ஒற்றை மிரட்டலால் பெரும்பாலும் பயனில்லை. அவர் ஓர் ஆட்டை வைத்துத் தடுத்துவிடுவார். ஒரே நகர்வில் இரண்டு ஆடுகளை மிரட்டும் இடத்தைத் தேட வேண்டும். 8இலும் 15இலும் ஆடுகள் நிற்க, 7உம் 20உம் காலியாக இருந்தால், 9க்கு வரும் புலி இரண்டையும் ஒருசேர மிரட்டும். இறங்கும் இடங்கள் வேறு வேறு என்பதால் ஒன்று நிச்சயம் கிடைக்கும். ஆடு ஆடுபவர் துணையில்லாமல் வைத்த ஆடுகளை மனத்தில் குறித்துக்கொண்டு, அவற்றுக்கு இடையே இப்படி ஒரு முனை இருக்கிறதா என்று தேடுவதுதான் புலி ஆட்டத்தின் சுவையே.

கடைசியாக, கிடைத்த ஆட்டை எல்லாம் வெட்டிவிட வேண்டும் என்ற ஆசையும் ஆபத்தானது. வெட்டிய புலி மூலையில் போய் விழுமாறு ஓர் ஆட்டை வேண்டுமென்றே பலி கொடுப்பது தேர்ந்தவர்களின் உத்தி.

அடைத்த புலி மீண்டும் வெளியே வர முடியுமா?

வரலாம். மேலே சொன்ன 13ஆம் முனைப் பூட்டில், 19 காலியாக இருந்தால், இன்னொரு புலி 8இலிருந்து 14ஐ வெட்டி 19இல் இறங்கித் தன் துணையை மீட்டுவிடும். எனவே பூட்டுக்கு நான்கு ஆடுகள் போதும் என்றாலும், பூட்டைக் காக்க ஐந்தாவது ஆட்டை 19இல் வைத்திருப்பது அவசியம்.

இந்த ஆட்டம் எவ்வளவு பழமையானது?

தமிழகத்தில் பழைய கோயில் மண்டபங்களின் கல்தரையிலும் பாறைகளிலும் இத்தகைய ஆட்டக் கட்டங்கள் கீறப்பட்டிருப்பதைக் காணலாம். ஆனால் கோயிலின் காலத்தையே ஆட்டத்தின் காலமாகக் கொள்வது சரியன்று. மண்டபம் கட்டிப் பல தலைமுறைகள் கழித்து அங்கே ஓய்வாக உட்கார்ந்தவர்கள்கூட அதைக் கீறியிருக்கலாம்.

வேறு இடங்களில் இதைப் போன்ற ஆட்டங்கள் உண்டா?

உண்டு. ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும் புலியும் ஆடும் மோதும் இதே வகை ஆட்டங்கள் வழக்கில் உள்ளன. நேபாளத்தின் பாக் சால் ஆட்டத்தில் கட்டம் சதுரமானது. ஐந்துக்கு ஐந்து என 25 முனைகள், நான்கு மூலைகளிலும் நான்கு புலிகள், எதிரே 20 ஆடுகள். அங்கே ஐந்து ஆடுகளை வெட்டினால் புலிக்கு வெற்றி. இருவரும் பிழையின்றி ஆடினால் பாக் சால் சமனில் முடியும் என்று கணினி ஆய்வு காட்டியுள்ளது. அந்த முடிவை நம் கட்டத்துக்கு அப்படியே பொருத்திவிடக் கூடாது. கட்டமும் காய்களின் கணக்கும் வேறு.

புதியவருக்கு எந்தப் பக்கத்தைக் கொடுப்பது?

புலியை. வெட்டும் விதியும் காலி முனையின் முக்கியத்துவமும் புலி ஆடும்போதுதான் விரைவில் கைவரும். ஆடுகளைக் கையாளப் பொறுமையும் முன்யோசனையும் கூடுதலாக வேண்டும். சிறு பிள்ளைகளுக்கு முதல் நாளே பதினைந்து ஆடுகளைக் கொடுத்தால், ஐந்தாறு வெட்டுப்பட்டதும் கட்டத்தைக் கலைத்துவிட்டு எழுந்துவிடுவார்கள்.

இருவரில் யார் திறமையானவர் என்பதை எப்படி முடிவு செய்வது?

ஒரே ஒரு ஆட்டத்தை வைத்து முடிவு செய்ய முடியாது, ஏனெனில் இரு பக்கங்களும் சமமானவை அல்ல. ஒரு முறை ஆடியதும் பக்கம் மாற்றி மறுமுறை ஆட வேண்டும். இருவரும் புலியாக ஆடி வென்றாலோ, இருவரும் ஆடாக ஆடி வென்றாலோ, வெட்டிய ஆடுகளின் எண்ணிக்கையை ஒப்பிடலாம். புலியாக இருந்தபோது கூடுதலாக வெட்டியவர் வென்றவர். அதுவும் சமமானால் மூன்றாவது ஆட்டத்தில் யார் புலி என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்துக்கொள்ளலாம்.